கான்டன் வாத்தியார்கள்

சீனாவில் கிறிஸ்தவ சமயம் பரவிய கதையைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடக்கின்றன. மிஷனரி கப்பலில் வந்து இறங்குகிறார், மொழி கற்கிறார், வேதத்தை மொழிபெயர்க்கிறார், பிரசங்கம் செய்கிறார், முதல் ஞானஸ்நானம் நடக்கிறது. இந்த வரிசையில் மொழி கற்பது அரை வரியில் முடிந்துவிடும். அந்த அரை வரிக்குள் ஆண்டுக்கணக்கான உழைப்பு அடங்கிக் கிடக்கிறது. ஒருவர் இன்னொருவரின் எதிரே நாள்தோறும் உட்கார்ந்து, ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பத் தப்பாகச் சொல்லி, திரும்பத் திரும்பத் திருத்தம் வாங்கிய ஆண்டுகள் அவை. இன்று குவாங்சோ என்று நாம் அழைக்கும் கான்டன் துறைமுக நகரத்தில் 19ஆம் நூற்றாண்டில் நடந்த இந்தப் பயிற்சியைக் கூர்ந்து பார்த்தால் ஒரு முடிவுக்கு வராமல் இருக்க முடியாது. கான்டனீஸ் மொழியில் கிறிஸ்தவ போதனை உருவானதில் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எவ்வளவு பங்கோ, அதற்குக் குறையாத பங்கு அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த உள்ளூர் வாத்தியார்களுக்கும் உண்டு. எதைச் சொல்ல முடியும், எப்படிச் சொன்னால் கேட்பவர் காதில் ஏறும் என்பதை முடிவு செய்தவர்கள் அவர்களே. அவர்களை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டு எழுதப்படும் வரலாறு பாதி வரலாறு என்பதே என் வாதம்.

முதலில், அந்த வாத்தியார் வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 1759இல் ஜேம்ஸ் ஃபிளின்ட் என்ற கிழக்கிந்திய கம்பெனி ஊழியர் கான்டன் அதிகாரிகளின் ஊழலைப் பற்றிச் சீன மொழியில் எழுதிய புகார் மனுவோடு வடக்கே தியான்ஜின் வரை கப்பலில் போனார். மனு சியான்லோங் பேரரசரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. விசாரணை நடந்தது, ஃபிளின்ட்டுக்கு மக்காவ்வில் மூன்றாண்டுச் சிறை. மனுவை எழுத உதவிய லியு யாபியான் என்ற சீனருக்கு மரண தண்டனை. அதன் பிறகு வெளிநாட்டாரை இறுக்கிக் கட்டும் விதிகள் வந்தன. வணிகப் பருவத்தில் மட்டுமே அவர்கள் கான்டனில் தங்கலாம், அதுவும் நகர மதிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் இருந்த கொட்டடிகளில்தான். பெண்கள் வரக் கூடாது. சீனர்கள் அவர்களுக்கு மொழி கற்றுத் தரக் கூடாது. இந்தத் தடையின் நோக்கம் தெளிவானது. மொழி தெரியாத வணிகன் தரகரையும் துபாஷியையும் நம்பித்தான் வாழ வேண்டும். மொழி தெரிந்தவன் பேரரசரின் வாசல் வரை போய்விடுவான். ஆகவே 1807இல் ராபர்ட் மாரிசன் கான்டனில் கால் வைத்தபோது, அவருக்குப் பாடம் சொல்ல முன்வரும் எவருக்கும் லியு யாபியானின் முடிவு தெரிந்தே இருந்திருக்கும். மாணவனுக்குத் தண்டனை நாடு கடத்தல், வாத்தியாருக்குத் தண்டனை தலை. இப்படிப்பட்ட வகுப்பறைகள் உலக வரலாற்றில் அதிகம் இல்லை.

மாரிசனுக்கு முன்பே இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. அதில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் ஓர் இடம் இருக்கிறது. 1579இல் மக்காவ்வுக்கு வந்த மிக்கேலே ருஜியேரி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு, அதற்கு முன்பு முத்துக்குளித்துறைப் பணிக்காகத் தமிழ் கற்கத் தொடங்கியிருந்தவர். அவரைச் சீனம் கற்க அனுப்பினார்கள். பொது மொழி எதுவும் இல்லாத நிலையில் அவருக்குக் கிடைத்த முதல் ஆசிரியர் ஓர் ஓவியர். குதிரை என்று சொல்ல வேண்டுமானால் குதிரையை வரைந்து காட்டி, அதற்கான எழுத்தை எழுதி, ஓசையைச் சொல்லிக்கொடுத்தார். ருஜியேரியும் அவருக்குப் பின் வந்த மத்தேயோ ரிச்சியும் 1583இல் குவாங்டோங் மாகாணத்தின் சாவோசிங் நகரில் குடியேறினார்கள். மறு ஆண்டே சீன மொழியில் ஞானோபதேச நூல் அச்சாயிற்று. ஆனால் அவர்கள் தேடிய மொழி அதிகாரிகளும் அறிஞர்களும் பேசிய அரசவை மொழி. வாசலுக்கு வெளியே மீன் விற்றவளும் படகு தள்ளியவனும் பேசிய கான்டனீஸ் அவர்களுடைய திட்டத்தில் மையமாக இல்லை. பேரரசரைத் தொட்டால் நாட்டைத் தொடலாம் என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கு தெருவின் மொழியை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓரத்திலேயே நிறுத்தி வைத்தது.

மாரிசனின் பயிற்சி லண்டனிலேயே தொடங்கிவிட்டது. வட இங்கிலாந்தின் மார்பெத் அருகே 1782இல் பிறந்தவர். லண்டன் மிஷனரி சங்கம் அவரைச் சீனாவுக்கென்று தேர்ந்தெடுத்தது. கான்டனிலிருந்து லண்டனுக்கு வந்திருந்த யோங் சாம் தாக் என்ற இளைஞர் அவருக்கு முதல் வாத்தியாரானார். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஒரு சீனக் கையெழுத்துப் பிரதியை இருவரும் சேர்ந்து படியெடுத்தார்கள். நான்கு சுவிசேஷங்களையும் ஒன்றாக இணைத்த கதையும் அப்போஸ்தலர் நடபடிகளும் பவுலின் நிருபங்களும் அதில் இருந்தன. அது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ழான் பாசே என்ற பிரெஞ்சுக் குருவும் யோஹான் ஷூ என்ற சீனக் கிறிஸ்தவரும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு. மாரிசன் காலத்தில் அதைச் செய்தவர் யார் என்பதே தெரியாது. இந்த வகுப்பில் நடந்த ஒரு சம்பவம் வாத்தியாருக்கும் மாணவனுக்கும் இடையிலிருந்த உறவைக் காட்டுகிறது. எழுதிப் பழகிய தாளை வேலை முடிந்ததும் மாரிசன் நெருப்பில் போட்டுவிட்டார். எழுத்தைப் புனிதமாக மதிக்கும் மரபில் வளர்ந்த யோங்கால் அதைப் பொறுக்க முடியவில்லை. மூன்று நாள் பாடம் நின்றது. அதன் பிறகு மாரிசன் தகரத் தகடு ஒன்றில் எழுதி, மனப்பாடம் ஆனதும் துடைத்துவிடும் வழக்கத்துக்கு மாறினார். எழுத்தை அவமதிப்பவனுக்குப் பாடம் இல்லை என்று வாத்தியார் சொல்லிவிட்டார், மாணவன் பணிந்தான். சீனருக்குப் போதிக்கப் புறப்பட்டவர் சீனரிடம் கற்ற முதல் ஒழுக்கப் பாடம் இது.

கிழக்கிந்திய கம்பெனி தன் கப்பல்களில் மிஷனரிகளை ஏற்றிச் செல்ல விரும்பாததால் மாரிசன் நியூயார்க் வழியாகச் சுற்றிப் போனார். 1807 செப்டம்பரில் கான்டனுக்கு வந்தவர், அமெரிக்கர்களின் கொட்டடியில் தலைமறைவு போலவே தங்கினார். அங்கே அவருக்கு இரண்டு வாத்தியார்கள் வாய்த்தார்கள். ஒருவர் ஏபெல் யுன், ஷான்சி மாகாணத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர். பீக்கிங்கில் ஐரோப்பியக் குருமார்களிடம் படித்தவர், லத்தீன் பேசுவார். அவரிடம் மாரிசன் வடக்கத்தி மொழியைக் கற்றார். இன்னொருவர் லீ என்ற உள்ளூர் அறிஞர். அவரிடம்தான் கான்டனீஸ். மாரிசனுக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர், பிடிபட்டால் அதிகாரிகளின் சித்திரவதைக்கு ஆளாகாமல் உயிரை விட்டுவிடுவதற்காக எப்போதும் விஷத்தை உடன் வைத்திருந்தார் என்று பதிவாகியிருக்கிறது. கால் நூற்றாண்டு கடந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1833இல் அச்சுப் பணிக்காகக் கான்டன் வந்த அமெரிக்கர் சாமுவேல் வெல்ஸ் வில்லியம்ஸ் தன் வாத்தியாரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். நல்ல படிப்பாளியான அந்த மனிதர் பாடத்துக்கு வரும்போதெல்லாம் வெள்ளைக்காரப் பெண்கள் அணியும் செருப்பு ஒன்றைக் கையோடு கொண்டுவந்து மேசை மேல் வைப்பாராம். முன்பின் தெரியாத ஆள் யாராவது உள்ளே நுழைந்தால், தான் செருப்பு செய்து கொடுக்க வந்த தொழிலாளி என்று சொல்லித் தப்பலாம். அவர் காலத்துச் சீனச் சமூகத்தில் படித்தவனுக்கும் செருப்புத் தொழிலாளிக்கும் இடையே மலையளவு இடைவெளி. அந்த இடைவெளியைத் தாண்டித் தன்னைத் தாழ்த்திக்கொள்ள அவர் தயாராக இருந்தார் என்பதை நாம் எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

கான்டனீஸ் மொழியின் இயல்பும் வாத்தியாரை இன்றியமையாதவர் ஆக்கியது. அது ஓசையின் ஏற்ற இறக்கத்தில் பொருள் மாறும் மொழி. 'சி' என்ற ஒரே அசையை எடுத்துக்கொள்வோம். உயர்ந்த சமநிலைக் குரலில் சொன்னால் கவிதை. குரலை மேலே ஏற்றினால் வரலாறு. நடுத்தரத்தில் நிறுத்தினால் சோதித்துப் பார்த்தல். தாழ்ந்து இறங்கினால் காலம். கீழிருந்து சற்றே எழுந்தால் சந்தை. தாழ்வில் சமமாக நின்றால் காரியம். ஆறு சுருதிகள், ஆறு பொருள்கள். ப், ட், க் என்று வெட்டென முடியும் அசைகளைத் தனியே எண்ணும் பழைய மரபுப்படி சுருதிகள் ஒன்பது. இதை எந்தப் புத்தகமும் காதுக்குள் கொண்டுபோய் வைக்க முடியாது. பக்கத்தில் ஆள் வேண்டும். இதற்கு மேல் இன்னொரு சிக்கல். எழுதும் மொழி வேறு, பேசும் மொழி வேறு. செவ்வியல் நடையில் எழுதிய ஒரு பக்கத்தைக் கான்டன்காரர் தம் உச்சரிப்பில் வாசிக்கலாம். ஆனால் அதைக் கேட்கும் படகோட்டிக்குப் பாதிகூடப் புரியாது. செந்தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியில் வாழும் நமக்கு இது புதிதில்லை என்றாலும், கான்டனில் அந்த இடைவெளி இன்னும் அகலமானது. எனவே வேதத்தை எழுத்து நடையில் முடித்துவிட்ட மிஷனரிகூட வீட்டுச் சமையல்காரரிடம் அதை விளக்கத் தெரியாமல் நிற்க நேர்ந்தது.

இந்த இடைவெளியை மாரிசனின் வீட்டு வழிபாட்டில் நேராகப் பார்க்கலாம். வெளியே பிரசங்கம் செய்ய வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைப் பூட்டிக்கொண்டு, வாத்தியார், எழுத்தர், வேலைக்காரர்கள் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை உட்கார வைத்துப் பேசுவார். தனி ஜெபத்தைக்கூட உடைந்த சீனத்திலேயே செய்து பழகினார். அவருடைய போதனைப் பயிற்சிக் களம் இதுதான், கேட்பவர்களே தேர்வாளர்கள். அந்த வீட்டுக்கு வந்துபோன சாய் கோ என்பவர் பிற்காலத்தில் எழுதிக் கொடுத்த விசுவாச அறிக்கையில் ஓர் அரிய சாட்சியம் இருக்கிறது. 21 வயதில் முதன்முதலாக மாரிசன் இயேசுவைப் பற்றிப் பேசக் கேட்டபோது அவர் சொன்னது தனக்குச் சரியாக விளங்கவில்லை என்று அவர் சொல்கிறார். மூன்று ஆண்டுகள் கழித்து, மாரிசனின் பேச்சும் எழுத்தும் தேறிய பிறகுதான் பொருள் பிடிபட்டது. அதற்குள் புதிய ஏற்பாட்டை அச்சுக்குத் தயாரிக்கும் வேலையும் சாய் கோவின் கைக்கு வந்திருந்தது. 1814 ஜூலை 16 அன்று, மக்காவ்வில் கடலோரக் குன்று ஒன்றின் அடியில் ஊறிய சுனையில், மனிதர் கண்ணுக்கு மறைவாக அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது. சீனாவின் முதல் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர் அவர். இந்தச் சாட்சியம் சொல்வது என்ன? மூன்று ஆண்டுகளில் போதனையின் உள்ளடக்கம் மாறவில்லை. போதித்தவரின் நாக்கு மாறியது. அந்த நாக்கை மாற்றியவர்கள் வாத்தியார்கள். அந்த முதல் ஞானஸ்நானத்துக்குப் பின்னால் லீயின் உழைப்பும் இருக்கிறது என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

மிஷனரிகள் எழுதிய மொழி நூல்களும் இதையே சொல்கின்றன. மாரிசன் 1815 முதல் 1823 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியின் முதல் பகுதி காங்ஷி பேரரசர் காலத்துச் சீன அகராதியை அடித்தளமாகக் கொண்டது. 1828இல் மக்காவ்வில் அச்சான அவருடைய கான்டன் பேச்சுமொழிச் சொற்கோவை அன்றாடப் பேச்சுக்கு வெளிநாட்டார் செய்த முதல் பெரிய நூல்களில் ஒன்று. அதே 1828இல்தான் சாவ் சியோங் என்ற கவிஞரின் காதற் பாடல்கள் கான்டனீஸ் பேச்சுமொழியில் நூலாக வந்தன. அதாவது மிஷனரி பேச்சுமொழியைக் கண்டுபிடித்தார் என்று சொல்லும்போது, கான்டன்காரர்கள் அதை ஏற்கெனவே இலக்கியமாக்கிக்கொண்டிருந்தார்கள். வெல்ஸ் வில்லியம்ஸ் 1856இல் கான்டனில் வெளியிட்ட சுருதி அகராதிக்கு, உள்ளூரில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்கிவந்த ஃபான் வான் என்ற ஒலி வரிசை நூலே அடிப்படை. தம் மொழியின் சுருதிகளைப் பிரித்து, வகுத்து, எண்ணி வைக்கும் அறிவு கான்டன் படிப்பாளிகளிடம் முன்பே இருந்தது. வில்லியம்ஸ் அதை ரோமன் எழுத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனார். அமெரிக்க மிஷனரி எலைஜா பிரிட்ஜ்மன் 1841இல் கொண்டுவந்த கான்டனீஸ் பாடநூல் எழுநூறு பக்கம் பெருகியது, பதினேழு அதிகாரங்கள். மனித உடல், உறவுமுறைகள், வீட்டுக் காரியங்கள், வியாபாரம், கட்டடக் கலை, விவசாயம், தாவரங்கள், விலங்குகள், மருத்துவம், அரசாங்கம் என்று விரிகிறது பட்டியல். ஒரு மிஷனரி எழுதிய பாடநூலில் சமய போதனைக்கென்று தனி அதிகாரம் இல்லை. கான்டன் மக்கள் எப்படி உழுகிறார்கள், எப்படி உறவு சொல்லி அழைக்கிறார்கள், எதை மருந்தாக உட்கொள்கிறார்கள் என்பதைக் கற்காமல் அவர்களிடம் பேச முடியாது என்பதை பிரிட்ஜ்மன் உணர்ந்திருந்தார். அந்தப் பதினேழு அதிகாரங்களுக்கும் விஷயம் கொடுத்தவர்கள் கான்டன்காரர்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். வாத்தியார்கள் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். சொல்லைச் சொன்னார்கள், ஓசையைச் சொன்னார்கள், அவ்வளவுதான். அகராதியின் திட்டம், ஒலிகளை எழுதிக்காட்டும் முறை, அச்செழுத்து, பல்லாண்டு உழைப்பு எல்லாம் மிஷனரிகளுடையவை அல்லவா? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. மாரிசனின் பொறுமையும் வில்லியம்ஸின் முறைமையும் இல்லாமல் அந்த நூல்கள் வந்திருக்காது. அவற்றின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமில்லை. ஆனால் சம்பளம் வாங்கியதால் ஒருவரின் அறிவுப் பங்கு இல்லாமல் போய்விடும் என்பதை ஏற்க முடியாது. மாரிசனும் சம்பளம் வாங்கியவரே. 1809இல் கம்பெனி அவரை ஆண்டுக்கு 500 பவுன் சம்பளத்தில் மொழிபெயர்ப்பாளராக அமர்த்தியது. கான்டனில் சட்டப்படி தங்கும் உரிமையும் பேரகராதியை அச்சிடும் பணமும் அந்த வேலையால் கிடைத்தன. கம்பெனிச் சம்பளம் அவருடைய ஆசிரியத்துவத்தைக் கெடுக்கவில்லை என்றால், மாரிசனின் சம்பளம் லீயின் ஆசிரியத்துவத்தை மட்டும் எப்படிக் கெடுக்கும்? மேலும், சம்பளம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் விஷத்தைச் சுமந்துகொண்டு வர வேண்டிய அவசியம் இல்லை. கான்டன் போன்ற செழித்த துறைமுகத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஆபத்தில்லாத வேலைகள் இருந்தன. அந்த மனிதர்களின் மனத்தில் என்ன இருந்தது என்று நாம் முழுக்க அறிய முடியாது. ஆனால் அவர்கள் எடுத்த ஆபத்தை அவர்கள் வாங்கிய கூலியை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது என்பது உறுதி.

என் வாதத்துக்கு எதிர்த்திசையிலிருந்தும் ஒரு சான்று கிடைக்கிறது. வாத்தியாரும் மாணவரும் எதிரெதிரே உட்காரும் அந்த உரையாடல் இல்லாமல், தாள் மட்டும் பயணம் செய்தபோது என்ன ஆயிற்று? குவாங்டோங் மாகாணத்தைச் சேர்ந்த லியாங் ஃபா மரப்பலகையில் எழுத்துச் செதுக்கும் தொழிலாளி. மாரிசனின் துணைவர் வில்லியம் மில்னுடன் மலாக்காவுக்குப் போய் 1816இல் ஞானஸ்நானம் பெற்றார், பிறகு போதகரானார். 1832இல் அவர் எழுதிய ஒன்பது பகுதி அறிவுரை நூல் கான்டனில் தேர்வு எழுத வந்த மாணவர்களுக்கு வழங்கப்பட்டது. அதில் ஒரு பிரதி ஹோங் சியுச்சுவான் என்ற இளைஞர் கைக்குப் போனது. அவர் தேர்வில் தோற்றார், நோய்ப்பட்டார், தரிசனங்கள் கண்டார், ஆண்டுகள் கழித்து அந்த நூலைத் தனியாகப் படித்து, தன்னை இயேசுவின் தம்பி என்று முடிவு செய்தார். 1847இல் ஐசக்கர் ராபர்ட்ஸ் என்ற பாப்டிஸ்ட் மிஷனரியிடம் கான்டனில் இரண்டு மாதம் படிக்க வந்தபோது காலம் கடந்திருந்தது. அவர் தலைமையில் எழுந்த தைப்பிங் கிளர்ச்சி 1864 வரை நீடித்து கோடிக்கணக்கானோரைப் பலி கொண்டது. அந்தப் பெரும் துயரத்துக்குப் பஞ்சமும் நில நெருக்கடியும் ஆட்சியின் சீரழிவும் முதன்மைக் காரணங்கள். ஒரு சிறு நூலின் மேல் பழியைப் போட முடியாது. ஆனாலும் ஒரு பாடம் இருக்கிறது. சாய் கோவுக்குக் கிடைத்தது மூன்றாண்டு உரையாடல்: கேட்கவும் விளங்கவில்லை என்று சொல்லவும் மீண்டும் கேட்கவும் இடமிருந்தது. ஹோங்குக்குக் கிடைத்தது எழுத்து மட்டுமே. பதில் சொல்ல ஆளில்லாத போதனை, கேட்டவரின் மனம் போன போக்கில் போயிற்று.

பேச்சுமொழியின் பக்கம் மிஷனரிகள் முழுமையாகத் திரும்பியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். 1862இல் மத்தேயு, யோவான் சுவிசேஷங்கள் கான்டனீஸ் பேச்சு நடையில் வந்தன. 1894இல் முழு வேதாகமமும் அந்த நடையில் முடிந்தது. ஜார்ஜ் பியர்சி என்ற மெதடிஸ்ட் மிஷனரி பன்யனின் மோட்சப் பயணக் கதையை 1871இல் கான்டனீஸில் வெளியிட்டார். படங்களில் பயணி சீன உடை அணிந்து சீன நிலத்தில் நடந்தான். படிக்காதவருக்கும் வாசித்துக் காட்டினால் விளங்கும் நூல்கள் இவை. கான்டனிலேயே பிறந்து வளர்ந்த மிஷனரி மகன் ஜேம்ஸ் டயர் பால், 1883இல் எழுதிய எளிய கான்டனீஸ் பாடநூலில், நகரத்தின் மேற்குப் புறநகரான சைகுவான் பேச்சே சுத்தமான கான்டனீஸ் என்று கற்பவருக்கு வழிகாட்டினார். அரசவை உச்சரிப்பைத் தேடி வடக்கே பார்த்த கண்கள், முன்னூறு ஆண்டு கழித்து ஒரு கான்டன் பேட்டையின் பேச்சை அளவுகோலாக ஏற்றுக்கொண்டன. இந்த இடமாற்றத்தை எந்தச் சங்கமும் லண்டனிலோ பாஸ்டனிலோ கூடித் தீர்மானித்து நிகழ்த்தவில்லை. கேட்டவர்களுக்குப் புரியவில்லை என்ற அனுபவமும், இப்படிச் சொல்லுங்கள் என்று திருத்திய வாத்தியார்களும் சேர்ந்து மெல்ல மெல்ல நிகழ்த்தியது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. இந்த மொழிக் கல்வியெல்லாம் அபினிக்கும் பீரங்கிக்கும் துணை போகவில்லையா? போனது. கார்ல் குட்ஸ்லாஃப் என்ற ஜெர்மன் மிஷனரி அபினி ஏற்றிய ஜார்டின் கம்பெனிக் கப்பலில் மொழிபெயர்ப்பாளராகச் சென்று, வழியெங்கும் சமயத் துண்டுநூல்களை வழங்கினார். அபினிப் போரை முடித்த 1842 நான்ஜிங் உடன்படிக்கையின் பேச்சுவார்த்தையில் அவரும் மாரிசனின் மகனும் பிரிட்டிஷ் தரப்பில் மொழிபெயர்த்தார்கள். 1844இல் அமெரிக்கா மக்காவ் அருகே வாங்ஷியாவில் செய்துகொண்ட உடன்படிக்கையில் பிரிட்ஜ்மனும் மருத்துவ மிஷனரி பீட்டர் பார்க்கரும் மொழிச் செயலாளர்கள். அந்த உடன்படிக்கையின் 18ஆம் பிரிவுதான் அமெரிக்கர்கள் சீன ஆசிரியர்களை அமர்த்திக்கொள்ளவும் நூல்கள் வாங்கவும் சட்டப்படி வழி செய்தது. வாத்தியாரின் கழுத்துக்கு மேல் தொங்கிய கத்தி, போரில் தோற்ற அரசு இட்ட கையெழுத்தால் விலகியது. இதை மறைத்துவிட்டு மொழிக் கல்வியைத் தூய நட்பின் கதையாகச் சொன்னால் அது பொய்யாகும். ஆனால் இந்த உண்மை என் வாதத்தைத் தளர்த்தவில்லை, கூர்மையாக்குகிறது. பேரரசுகளின் பேரத்தில் பெயர் பதிந்தவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். அவர்களுக்கு மொழி தந்த கான்டன்காரர்கள் எந்தத் தரப்பிலும் கணக்கில் வரவில்லை. சீன அரசுக்கு அவர்கள் துரோகிகள், மேற்கத்தியருக்கு ஊழியர்கள், பிற்கால தேசிய வரலாற்றுக்கு வெளிநாட்டாரின் கையாட்கள். மூன்று பக்கமும் ஒதுக்கிவிட்டவர்களை நாமும் ஒதுக்கினால், ஆதிக்கத்தின் கணக்கையே நாமும் ஒப்புக்கொண்டதாகும்.

20ஆம் நூற்றாண்டில் இந்தப் பயிற்சி நிறுவன வடிவம் எடுத்தது. 1918இல் கத்தோலிக்க மேரிநோல் சபையின் முதல் அமெரிக்கக் குருமார் குவாங்டோங்கின் யாங்ஜியாங் நகருக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவரான தாமஸ் பிரைஸ் ஐம்பதைத் தாண்டியவர். கான்டனீஸ் அவருக்குக் கைவரவே இல்லை. மறு ஆண்டே ஹாங்காங்கில் இறந்தார். அதே குழுவில் இளைஞராக வந்த பெர்னார்ட் மேயர், 1935இல் தியோடர் வெம்பியுடன் சேர்ந்து மாணவர்களுக்கான கான்டனீஸ் அகராதியை வெளியிட்டார். மார்மன் சபையின் அனுபவம் இன்னும் தெளிவானது. 1853இல் ஹாங்காங்கில் இறங்கிய அதன் முதல் மூன்று ஊழியர்கள், மொழியும் தெரியாமல், கேட்க ஆளும் கிடைக்காமல், இரண்டு மாதத்துக்குள் ஊர் திரும்பினார்கள். நூறாண்டுக்குப் பிறகு மீண்டும் வந்த அதே சபை, யூட்டாவின் புரோவோ நகரில் மொழிப் பயிற்சி நிலையத்தை வளர்த்தெடுத்தது. இன்று இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர்கள் அங்கே சில வாரங்கள் கான்டனீஸ் கற்கிறார்கள். பயிற்சியில் ஒத்திகையும் உண்டு: ஒருவர் கேட்பவராக உட்கார, மற்றவர் அந்த மொழியில் விசுவாசத்தைச் சொல்லிப் பார்க்கிறார், தடுமாறுகிறார், மீண்டும் தொடங்குகிறார். ஒத்திகையில் கேட்பவரின் நாற்காலிக்கு மரியாதை கொடுக்கும் இந்த முறை, கதவைப் பூட்டிய மாரிசன் வீட்டில் யாரும் திட்டமிடாமல் நடந்த அதே வகுப்புதான். போதனைக்கு முன் கேட்பவரிடம் தேற வேண்டும் என்ற விதியைக் கான்டன் எழுதியது.

மாரிசன் 1834இல் இறந்தபோது, 27 ஆண்டு உழைப்புக்குப் பின் அவர் கண்ட மதமாற்றங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை வைத்து அவரைத் தோற்றவர் என்பாரும் உண்டு. வேதாகமத்தையும் அகராதியையும் காட்டி வென்றவர் என்பாரும் உண்டு. இரண்டு தீர்ப்புகளும் அவர் ஒருவரையே பார்க்கின்றன. அந்த அறையில் எதிரே இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். யோங், யுன், லீ என்று சிலருக்குப் பெயராவது மிஞ்சியது. வில்லியம்ஸின் செருப்பு வாத்தியாருக்கு அதுவும் வாய்க்கவில்லை. பெயர் இல்லை என்பதால் ஆதாரம் இல்லை என்று ஆகிவிடாது. அகராதிகளின் ஒவ்வொரு சுருதிக் குறியும், 1894 வேதாகமத்தின் ஒவ்வொரு பேச்சுத் தொடரும், யாரோ ஒரு கான்டன்காரர் சரி என்று தலையசைத்த பிறகே அச்சேறியது. ஆகவே இனி இந்த வரலாற்றை எழுதுகிறவர்களுக்குச் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. நூலகப் பட்டியல்களில் மிஷனரி பெயர் மட்டும் நிற்கும் இடங்களில், யாருடன் சேர்ந்து என்ற கேள்வியைக் கேட்க வேண்டும். கடிதங்களிலும் கணக்குப் புத்தகங்களிலும் வாத்தியார் சம்பளம் என்று பதிந்த வரிகளைத் தேடிப் பிடித்துப் பெயர்களை மீட்க வேண்டும். மீளாத இடத்தில், இந்த நூலுக்குப் பெயர் தெரியாத ஓர் ஆசிரியரும் உண்டு என்று வெளிப்படையாக எழுத வேண்டும். சமயம் பரப்பியவரை மதிப்பவருக்கும், அவரை விமர்சிப்பவருக்கும் இது பொதுவான கடமை. உயிரைப் பணயம் வைத்துப் பாடம் சொன்னவருக்கு வரலாறு செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கடன் அது.